மூணு நாற்பது வண்டியில் வருகிற ஆபீசர்

இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும், இசக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறாள், ஊரும் சேர்ந்து சிரிக்கப்போகிறது, சுனைப்பாறை ரயில் ஹால்ட்டுக்குக் கல் வைத்த நாளிலிருந்து இப்படியொரு சிரிப்பை அந்தச் சுவர்கள் கேட்டிருக்காது. ஆனால் இப்போது சிரிக்கக் கூடாது. இப்போது மணி இரண்டே முக்கால், வெயில் பிடரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பிளாட்பாரத்தில் முப்பது முப்பத்தைந்து பேர் நிற்கிறார்கள், அத்தனை பேருக்கும் நடுவில் கஞ்சி போட்ட சேலை விறைக்க விறைக்கச் சொர்ணத்தாய் அத்தை நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் நீள நோட்டும் கையுமாக இசக்கி. வரப்போகிற ஆபீசர் எப்படி இருப்பார் என்று அந்த முப்பத்தைந்து பேருக்கும் தெரியாது. இசக்கிக்குத் தெரியும். ஆபீசர் இப்போது இசக்கியின் தொண்டைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். ராமபத்ரன் என்று பேர், கண்ணாடி போட்டவர், சர்க்கரை வியாதிக்காரர், ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொள்வார். பேங்க் மேனேஜரின் மூக்கு, கெமிஸ்ட்ரி சாரின் இழுவை, டி.வி.யில் வருகிற பணக்கார மாமனாரின் இருமல், மூன்றையும் அம்மியில் வைத்து அரைத்துச் செய்த ஆபீசர். இசக்கிக்குப் பதினேழு வயது, அதற்குள் தொண்டையில் ஊர் பூராவும் குடியேறிவிட்டது. மாசானம் பெரியப்பா காறித் துப்புவதற்கு முன்னால் போடுகிற முகவுரை வரும், தங்கபுஷ்பம் மதினி ஒரே மூச்சில் கோழியையும் புருஷனையும் மாற்றி மாற்றித் திட்டுவது வரும், கோயில் மைக்கில் பேசுகிற தர்மகர்த்தாவின் 'ஹலோ ஹலோ' வரும், அந்தக் குரலில்தான் போன மாசி மாசம் "கொடை வரி கட்டாதவர்கள் உடனே வரவும்" என்று மைக்கில் சொல்லி மூன்று தெரு ஆம்பிளைகளைப் பனங்காட்டுப் பக்கம் ஓட வைத்தாள். அப்போது வந்த சிரிப்பு இரண்டு நாள் விலாவில் வலித்தது. இது அதைவிடப் பெரிய சிரிப்பு. வரும். கொஞ்சம் பொறு.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் லீவு, அதில்தான் வந்த வினை. கூடப் படிக்கிற பெனிற்றாவிடம் இரவல் வாங்கின போன், ஊரில் யாருக்கும் தெரியாத நம்பர், வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அங்கே நின்றால் அத்தை வீட்டு ஜன்னல் நேராகத் தெரியும். அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "வணக்கம், சொர்ணத்தாய் அம்மாவா பேசறது? நான் ரயில்வே ஆபீஸ்லேருந்து ராமபத்ரன் பேசறேன்." அவ்வளவுதான் சொன்னது, ஜன்னலுக்குள் அத்தை எழுந்துவிட்டாள். புளி ஒட்டின கையைச் சேலையில் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, நிமிர்ந்து நின்று, "சொல்லுங்கய்யா" என்றாள். போனில் பேசுகிறவருக்கு யாராவது எழுந்து நிற்பார்களா! இசக்கி துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அதுதான் சிரிப்பு, அதோடு விட்டிருக்கலாம், "நாந்தான் அத்தை" என்று கத்திக்கொண்டு ஓடியிருந்தால் அத்தை விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள், சாயங்காலம் கூப்பிட்டுப் பணியாரமும் கொடுத்திருப்பாள். ஆனால் அத்தை கேட்டுவிட்டாள். "ஐயா, அந்தப் பழைய விஷயத்த... ஆபீசுல இன்னும் மனசுல வச்சிருக்காவளா?" அது அத்தையின் குரலே இல்லை. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்கிற இசக்கிக்கு அந்த ஒரு குரலை மட்டும் எடுக்க வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, மூன்று நாளாகக் கொட்டகையில் போய் நின்று முயன்று பார்த்தும் வரவில்லை. சிரிப்பு பாதி வழியில் நின்றது. ஆபீசர் நிற்கவில்லை. ஆபீசர் மூக்கை உறிஞ்சினார், "அதெல்லாம் முடிஞ்சுபோன கதைம்மா" என்றார், அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை, அப்புறம் அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார், "ஹால்ட்டைத் திரும்பத் திறக்கலாமான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க, வெள்ளிக்கிழமை மூணு நாற்பது பாசஞ்சர்ல வர்றேன், அன்னிக்கு மட்டும் வண்டி அங்க நிக்கும், ஸ்டேஷன் வரலாறு ஒண்ணு எழுதி ரெடியா வைங்க." யார் சொல்லச் சொன்னது? வாய் இசக்கியுடையதுதான், இல்லை என்று சொல்ல முடியாது. அரை மணி கழித்து அத்தையே போனை நீட்டினாள், "ஏட்டி இசக்கி, இந்த நம்பரை 'ரயில்வே ஐயா'ன்னு பதிஞ்சு குடு." பதிந்து கொடுத்தாள். அப்போது அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"அந்த நோட்டை வெயில்ல பிடிக்காதட்டி, மை வெளிறிரும்" என்கிறாள் அத்தை இப்போது, கண் மேற்கே தண்டவாளத்தின் மேல். நோட்டு. வரலாறு. ஆபீசர் ஆசைப்பட்டுக் கேட்டுவைத்த வரலாற்றை எழுதி மாட்டிக்கொண்டது யார்? இசக்கிதான். "உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும், நான் சொல்லுதேன், நீ எழுது" என்று இரண்டு சாயங்காலம் அத்தை சொல்லச் சொல்ல எழுதினாள். முதலில் இங்கே ஸ்டேஷன் கிடையாது, பாறைதான் உண்டு, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லிக்காகப் பாறையை உடைத்தார்கள், ஜல்லி ஏற்ற எஞ்சின் வந்து நின்றது, நின்ற எஞ்சினில் கல் உடைத்தவர்கள் கல் சுமக்கிற கடகாப்பெட்டியோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். "ஏறினவங்கள இறக்க முடியாமத்தான் ஸ்டேஷன் கட்டினாவ, அப்படியே எழுது." "அப்படி எழுதக் கூடாது அத்தை, பொதுமக்களின் நலன் கருதின்னு எழுதணும்." "நலனுமில்ல ஒண்ணுமில்ல. சொன்னத எழுது." பிறகு ஒரு பாலக்காட்டு ஸ்டேஷன் மாஸ்டர், ஒன்பது வருஷம் இருந்து தமிழில் திட்ட மட்டும் கற்றுக்கொண்டவர், அவர் திட்டினதை அத்தை சொல்லிக்காட்ட, இசக்கி அதைத் திருப்பிச் சொல்ல, "அவரேதான், அவரேதான்" என்று அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எண்ணி ஏற்றிவிட்டுப் பெண்ணை பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுப் போனது, அடுத்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர் போன் போட்டு "பொண்ணு இவிட உண்டு" என்று சொன்னது. முருங்கைக்காய்க் கட்டு, ஓலைப்பெட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், அத்தனையும் இந்த பிளாட்பாரத்தின் மேலே ஏறி இறங்கியிருக்கிறது என்றால் இப்போது நம்ப முடியாது, பாதையை அகலமாக்கினபோது தண்டவாளத்தை உயர்த்திவிட்டார்கள், பிளாட்பாரம் பள்ளத்தில் கிடக்கிறது, இங்கே நிற்கிற ஆளுக்கு ரயிலின் சக்கரம்தான் முகத்துக்கு நேரே போகும். இப்போது ஆறு வண்டி போகிறது, ஒன்றும் நிற்பதில்லை. அந்த ஸ்டேஷன் நாளெல்லாம் முடிந்து மாஸ்டரை எடுத்தார்கள், மாஸ்டர் இல்லாத வெறும் நிறுத்தமாக, ஹால்ட் ஆக்கினார்கள், டிக்கெட் விற்க உள்ளூரில் ஒரு ஏஜென்ட் வேண்டும் என்றார்கள், பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அப்போது ஊரில் பத்தாவது பாஸ் மூன்றே பேர், இரண்டு பேர் துபாயில். மூன்றாவது சொர்ணத்தாய், புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அவள் போய் உட்கார்ந்த அன்றைக்கு ஊர் அவளை வாழாவெட்டி என்பதை நிறுத்தியது, டிக்கெட்டுக்காரம்மா என்றது. அதை அத்தை சொல்லவில்லை. அது இசக்கியின் அம்மா சொன்னது. ஹால்ட்டை மூடின அடுத்த வாரமே பழைய பேர் திரும்பி வந்துவிட்டது என்பதையும் அம்மாதான் சொன்னாள், நேற்று, வெங்காயம் உரித்துக்கொண்டே, "நல்ல வேளை, அந்த ஆபீசர் புண்ணியத்துல உங்கத்தை முகத்துல ஒரு வெளிச்சம் வந்திருக்கு" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். வெங்காயம்தான். வெங்காயமாகத்தான் இருக்க வேண்டும்.

மணி மூன்று ஐந்து. சொல்லிவிடலாம். இப்போதே, காதோடு, அத்தை நான்தான் என்று. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? புதன்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிற பேனாவை வைத்துவிட்டு "அத்தை, அந்த ஆபீசரு..." என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் வந்தது ஆபீசரேதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்கதோஷம், "...வரலைன்னா வருத்தப்படாதீங்கம்மா" என்று. அத்தை கையைத் தட்டினாள். "எப்பா! அப்படியே அவர மாதிரியே இருக்குட்டி! நான் பேசுறப்ப ஒட்டுக் கேட்டியாக்கும்!" அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வேறு வழி இருக்கிறது, ஆபீசரைச் சாக அடித்துவிடலாம், இல்லை, பாவம், சர்க்கரை வியாதிக்காரர், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போதும். வண்டி ரத்து என்று சொல்லலாம், ஆனால் வண்டி வரும், ரத்தான வண்டி எல்லாரும் பார்க்கப் பார்க்கப் போகும். போனை எடுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டும், ஒதுங்க முடியவில்லை, நோட்டை வாசிக்கப்போவது அவள்தான், "உனக்குத்தான் குரல் நல்லாருக்கு" என்று அத்தை பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறாள். தங்கபுஷ்பம் மதினி ஆரத்தித் தட்டோடு வந்து நிற்கிறாள். "ஏன் சொர்ணத்தக்கா, ஆபீசருக்கு ஆரத்தி எடுக்கணுமா, இல்ல வண்டிக்கு எடுக்கணுமா?" "ரெண்டுக்கும் எடு. உனக்கென்ன, கையா வலிக்கும்?" "வலிக்கலக்கா, வண்டி பெருசால்லா இருக்கு, எங்கன ஆரம்பிச்சு எங்கன முடிக்க?" எல்லாரும் சிரிக்கிறார்கள், அத்தையும் சிரிக்கிறாள், பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த மதினி டிக்கெட்டுக்கு வந்து நிற்கும்போதும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பாள். டிக்கெட் முறை. அதுவும் வரலாறுதான், ஆனால் நோட்டில் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்டாவது விற்காவிட்டால் வண்டியை நிறுத்த மாட்டோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், ஊர் கூடிப் பேசியது, கோயில் கொடைக்கு மண்டகப்படி வைப்பதுபோல டிக்கெட்டுக்கும் முறை வைத்துக்கொண்டார்கள், திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, புதன் கல்லுடைக்கிறவர்கள், முறைக்காரர்கள் வரிசையில் வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், கூரை எரவாணத்தில், எங்கே பார்த்தாலும் பயணம் போகாத டிக்கெட். குறைந்த விலை டிக்கெட் அடுத்த ஸ்டேஷனான மேலப்புளியடிக்கு என்பதால் எல்லாரும் மேலப்புளியடிக்கே வாங்கினார்கள், ரெண்டு வருஷம். போக மட்டும் வாங்கினார்கள். திரும்பி வர யாரும் வாங்கவில்லை. போகாதவர்கள் எதற்குத் திரும்பி வர வேண்டும்? ஊரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை.

"வாரான் வாரான்" என்று யாரோ சொல்ல, "வாரான் என்ன, வாராருன்னு சொல்லு" என்று மாசானம் பெரியப்பா அதட்டுகிறார், மாலை அவர் கையில், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், மாலை என்றால் அவர் கையில்தான் இருக்கும். மணி மூன்று முப்பத்தெட்டு. எப்படி ஆனது? இப்போதுதானே மூன்று ஐந்து? முதலில் தண்டவாளம் பேசுகிறது, பல்லைக் கூசவைக்கிற மெல்லிய சத்தம், இசக்கியால் அதையும் நடிக்க முடியும், இப்போது முடியாது. அத்தை குனிந்து நோட்டைப் பார்த்து, நிமிர்ந்து, கழுத்தைத் துடைத்து, இசக்கியின் தோளில் கை வைக்கிறாள், கை குளிர்ந்து கிடக்கிறது, இந்த வெயிலில். நிற்கட்டும். இசக்கிக்குத் தெரியும் நிற்காது என்று, நிற்க எந்தக் காரணமும் கிடையாது, இருந்தாலும் நிற்கட்டும், கோளாறு ஆகி நிற்கட்டும், மாடு குறுக்கே வந்து நிற்கட்டும், கண்ணாடி போட்ட ஒரு ஆள், எவனாவது ஒரு ஆள், தண்ணீர் குடிக்க இறங்கட்டும், அவனை ராமபத்ரனாக்கிவிடலாம், மூக்கை உறிஞ்சச் சொல்லிக்கொடுக்கலாம். வண்டி வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து இன்னும் நீளமாக அடித்துக்கொண்டு, சக்கரங்கள் முகத்துக்கு நேரே, காற்று, புழுதி, மதினியின் ஆரத்தித் தட்டில் சூடம் அணைந்தது, மாலையிலிருந்து பூ பிய்ந்து பறந்தது, அத்தை கும்பிட்ட கையோடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள், ஒவ்வொரு பெட்டிக்கும் தலை இடமிருந்து வலம், இடமிருந்து வலம், நிற்கப்போகிறது, இதில் நிற்கப்போகிறது. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நின்ற கார்டு, ஆரத்தியும் மாலையுமாக நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, புன்சிரிப்போடு கையை ஆட்டிவிட்டுப் போனார்.

புழுதி அடங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது, மூன்று நாளாக இசக்கி காத்திருந்த அதே சிரிப்பு, ஆனால் அது மாசானம் பெரியப்பாவின் வாயிலிருந்து வந்தது. "ஏ சொர்ணம், உன் ஆபீசரு கைய ஆட்டிட்டுப் போறாரு, பாத்தியா?" நாலு பேர் சிரித்தார்கள், அப்புறம் பத்துப் பேர். அத்தை கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. "போன் வந்துச்சு அண்ணாச்சி. நல்ல மரியாதையாத்தான் பேசினாவ." "வரும் வரும், போன் வரும். எவனோ கதை எடுத்து விட்டிருக்கான், நீ பல்லக் காட்டிட்டு எங்கள எல்லாம் வெயில்ல கொண்டாந்து நிறுத்திட்ட." பெரியப்பா முகவுரை போட்டுத் துப்பினார். "அன்னைக்கும் இதே கதைதான். ரயில்வே இன்ஸ்பெக்டரு ஒரு அதட்டு அதட்டினதும் இவ வாயத் தொறந்து எல்லாத்தையும் கொட்டிட்டா. வாய மூடிட்டு இருந்திருந்தா இன்னைக்கும் நமக்கு வண்டி நிக்கும்." யாரும் மறுக்கவில்லை. தங்கபுஷ்பம் மதினிகூட அணைந்த சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தையும் மறுக்கவில்லை, ஒருநாளும் மறுத்ததில்லை. கொட்டவில்லை, கொட்டவில்லை, ஒரு பேரும் சொல்லவில்லை. இசக்கிக்குத் தெரியும், இந்த உலகத்தில் இசக்கிக்கு மட்டும்தான் தெரியும், ஆறு வயசு, டிக்கெட் ரூம் மேசைக்கு அடியில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள், மேலே இன்ஸ்பெக்டரின் குரல், அவள் முதல் முதலாகத் தொண்டையில் எடுத்து வைத்துக்கொண்ட குரல் அதுதான், "தினமும் நாப்பது பேர் மேலப்புளியடிக்குப் போறாங்க, ஒருத்தன்கூடத் திரும்பி வரலை, அங்க என்ன சிங்கமா இருக்கு? நானே ஒரு வாரமா வண்டியில உக்காந்து பாத்தேன், இங்க ஏறினது மொத்தம் ரெண்டு பேர். யார் யார்ம்மா இந்த வேலை பண்றது, பேரைச் சொல்லு." மேசைக்கு அடியில் அத்தையின் இரண்டு கால்கள். "நானே கிழிச்சேன் சார், நானே வச்சுக்கிட்டேன்." மறுபடியும் கேட்டார். "நாந்தான் சார்." மூன்றாவது தடவையும். அதை இசக்கி வீட்டில் சொன்னாள், ஆறு வயசில் சொன்னாள், பத்து வயசில் இன்ஸ்பெக்டரின் குரலிலேயே நடித்துக்கூடக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள், என்னமா நடிக்கிறா பாரு, இன்னொரு தடவை செய்யுட்டி. இசக்கி சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். நோட்டை மதினியின் தட்டின் மேல் வைத்துவிட்டு, "வயித்த வலிக்கி" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, இசக்கி நடந்தாள், பிறகு ஓடினாள், பிளாட்பாரம் முடிகிற இடத்தில், கரி எஞ்சினுக்குத் தண்ணீர் விட்ட பழைய தொட்டிக்குப் பின்னால். பிளாட்பாரத்தைத்தான் அத்தை ஆள் வைத்து வெட்டிச் சுத்தம் செய்திருந்தாள், இந்தப் பக்கம் கருவேலம் அப்படியே கிடக்கிறது. குத்துகிறது. குத்தட்டும்.

தொட்டிச் சுவரின் வெடிப்பு வழியாகப் பார்த்தால் அத்தை தெரிகிறாள், இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்க்கிறாள், "ஐயாதான்! அவருதான் கூப்பிடுதாரு!" "ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேக்கோம், அந்த மகானுபாவன" என்கிறார் பெரியப்பா. இசக்கி மூக்கை உறிஞ்சினாள். வந்துவிட்டார். "அம்மா, ராமபத்ரன் பேசறேன். வண்டியை நிறுத்த உத்தரவு கிடைக்கலை. அவசரப்பட்டு உங்களை வரச் சொன்னது என் தப்பு. எல்லாரும் மன்னிக்கணும்." அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஹால்ட் திரும்ப வராதும்மா. பொய் சொல்லி உங்களை நிக்க வைக்கக் கூடாது. வராது." கூட்டத்தில் ஒரு முனகல். "ஆனா பழைய ஃபைலைப் படிச்சேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அங்க யாராவது நிக்கறாங்களா? நல்லது. கேக்கட்டும். உங்க ஊர்ல யாரும் யாரையும் காட்டிக் குடுக்கலை. கணக்குதான் காட்டிக் குடுத்துது. ரெண்டு வருஷம் நாப்பது நாப்பது பேரா மேலப்புளியடிக்குப் போய்த் திரும்பி வராம இருந்தா எந்த ஆபீசும் முழிச்சுக்கத்தான் செய்யும்." "ஆத்தாடி" என்றது மதினியின் குரல், "திரும்பி வாற டிக்கெட்ட நாம ஒருநாளும் வாங்கவே இல்லல்லா! ஏ மாசானம் மாமா, நீங்கதான முறை போட்டுக் குடுத்தீய?" பெரியப்பாவின் தொண்டை முகவுரை போட்டது, துப்பவில்லை. ஆபீசருக்குச் சூடு பிடித்துவிட்டது. இப்போது நிறுத்த முடியாது, பதினொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி யாரும் கேட்காததை முப்பத்தைந்து பேர் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள், கேட்கட்டும், நல்லாக் கேட்கட்டும். "இன்ஸ்பெக்டர் மூணு தடவை கேட்டார், யார் யார், பேரைச் சொல்லுன்னு. இந்தம்மா ஒருத்தர் பேரைச் சொல்லலை. நானே கிழிச்சேன், நானே வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான் சொன்னாங்க. மூணு தடவையும் அதான். முகத்துல ஒண்ணையும் காட்டலை, குரல்லயும் காட்டலை, மேசைக்கு அடியில காலு ரெண்டும் மட்டும் கிடந்து நடுங்கிச்சு, இடது கால் பெருவிரல வலது குதிகாலால மிதிச்சு மிதிச்சு, நகம் கன்னிப்போற அளவுக்கு மிதிச்சுக்கிட்டு..." மூக்கை உறிஞ்ச மறந்துபோயிற்று. மூக்கு உறிஞ்சாமலே ஒழுகிக்கொண்டிருந்தது.

பெரியப்பா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெடிப்பு வழியாக அத்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள் இசக்கி. அத்தை போனைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்தவள் பக்கத்தில் இசக்கி நின்ற இடத்தைப் பார்த்தாள், மதினியின் தட்டின் மேல் கிடந்த நோட்டைப் பார்த்தாள், பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினாள். போச்சு. இப்போது சொல்லிவிடுவாள், ஏ மாசானம் அண்ணாச்சி, ஆபீசரு அந்தா தொட்டிக்குப் பின்னால இருக்காரு, போய் மாலையப் போடுங்கன்னு சொல்லிவிடுவாள், சொன்னால் அத்தனையும் போயிற்று, ஆபீசர் போவார், ஃபைல் போகும், ஒருத்தர் பேரையும் சொல்லவில்லை என்பதும் இசக்கியின் நடிப்போடு நடிப்பாகப் போய்விடும், ஊர் இன்னும் முப்பது வருஷத்துக்குச் சிரிக்கும். அத்தை சொல்லலாம். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் அத்தை கூட்டத்திடம், "ஐயா எங்கிட்ட தனியாப் பேசணுங்காவ." போனில் ஒரு பித்தானை அமுக்கினாள், ஸ்பீக்கரின் எதிரொலி நின்றது, கஞ்சி போட்ட சேலையின் சரசரப்பு மட்டும் இசக்கியின் காதுக்குள் நடந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது, தொட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. "ஐயா" என்றாள் அத்தை, போனுக்குள் ஒரு தடவையும் சுவருக்கு மேலே ஒரு தடவையுமாக அது கேட்டது, "அங்கன பூரா முள்ளு கெடக்கு. காலப் பாத்து வெளிய வாங்க."